மகாலில் மிச்சமிருப்பது

மதுரைக்காரர்கள் அதை அரண்மனை என்று சொல்வது குறைவு. 'மகால்' என்றால் போதும். திருமலை நாயக்கர் 1636இல் கட்டியது. வெளியூரிலிருந்து வருகிறவர் சொர்க்க விலாசத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்க்கிறார், வாய் பிளக்கிறார், தூணைக் கட்டிப்பிடித்துப் படமெடுக்கிறார். "பம்பாய் படத்துல 'கண்ணாளனே' பாட்டு இங்கதான எடுத்தாங்க?" என்று கேட்கிறார். அதில் தவறே இல்லை. கட்டியவரும் இந்த வாய்பிளப்பைத்தான் எதிர்பார்த்திருப்பார்.

என் குறை வேறு. பல ஆண்டுகளாக இங்கே நடந்துவந்த ஒலி ஒளிக் காட்சியில் நாயக்கர் கதையோடு கோவலன், கண்ணகி கதையும் சேர்ந்து வருகிறது. சிலம்பின் கதை நாயக்கர் ஆட்சிக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. பாண்டியன் அவை நடந்த இடமும் இதுவல்ல. ஆனால் இருட்டில், சிவப்பு விளக்கில், இந்தத் தூண்களுக்கு நடுவே கண்ணகி நீதி கேட்டால், பார்க்கிற பிள்ளைக்கு எல்லாம் ஒன்றாகிவிடும். பாண்டியனும் நாயக்கரும் ஒரே 'அந்தக் காலத்து ராஜா' ஆகிவிடுவார்கள். கட்டடம் வெறும் பின்திரையாகிப் போகும்.

இத்தனைக்கும் நீதி கேட்ட கதை இந்தக் கட்டடத்துக்கே சொந்தமாக உண்டு. 1970 வரை மாவட்ட நீதிமன்றம் மகாலில்தான் இயங்கியது. பத்திரத்தை மடியில் கட்டிக்கொண்டு, வாய்தா வாய்தாவென்று இந்தப் படிகளை ஏறி இறங்கிய குடியானவர்கள் எத்தனை பேர்! பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, கொலை வழக்கு என்று எல்லாவற்றையும் இந்தச் சுவர்கள் கேட்டிருக்கும். கண்ணகியை இரவல் வாங்கி வந்து நீதி கேட்க வைத்த நமக்கு, இங்கேயே நின்று கேட்டவர்களை நினைக்கத் தோன்றவில்லை.

இன்னொன்றும் உண்டு. நாம் பார்ப்பது முழு மகால் அல்ல, கால்வாசிதான் என்பார்கள். மீதி எங்கே? "வெள்ளைக்காரன் இடிச்சுட்டான்" என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. தலைநகரைத் திருச்சிக்கு மாற்றிய பேரன் சொக்கநாத நாயக்கரே இங்கிருந்து பெரும்பகுதியைப் பெயர்த்துக்கொண்டு போனார் என்கிறது வரலாறு. மாறாக, பாழடைந்து கிடந்த மிச்சத்தை 1866க்குப் பிறகு பழுதுபார்க்க வைத்தவர் சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு. கட்டியது தாத்தா, பிரித்தது பேரன், காப்பாற்றியது அந்நியன். நல்லவன், கெட்டவன் என்று இரண்டே பெட்டி வைத்துக்கொண்டு வரலாறு படிக்கிறவர்களுக்கு இது சங்கடமான கதை. அதனாலேயே சொல்லப்பட வேண்டிய கதை.

ஒரு கட்டடத்தை 'நம் பெருமை' என்று மட்டும் காட்டும்போது, யார் கட்டினார் என்ற ஒரே கேள்விதான் மிஞ்சுகிறது. யார் பெயர்த்தார், ஏன் பெயர்த்தார், எது எப்படித் தப்பியது, பிறகு யாருக்கு எதற்குப் பயன்பட்டது என்ற கேள்விகள் விழுந்துவிடுகின்றன. இடிபடுவது எப்படி என்று அறியாத ஊர், தன் கண்ணெதிரே இன்னொன்று இடியும்போதும் சும்மாதான் நிற்கும்.

மகாலுக்குப் போகிறவர்கள் அதோடு திரும்பிவிடாமல், பக்கத்திலுள்ள பத்துத் தூண் சந்துக்கும் போக வேண்டும். டிக்கெட் கிடையாது, விளக்கும் கிடையாது. பழைய அரண்மனையின் கல் தூண்கள் ஜவுளிக் கடைகளுக்கு நடுவே வானத்தைப் பார்த்து நிற்கின்றன. மேலே தாங்குவதற்குக் கூரை இல்லை. கீழே சேலை மூட்டையை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். மகால் எவ்வளவு பெரிதாக இருந்தது, அதில் எவ்வளவு போய்விட்டது என்பதை எந்த ஒலிபெருக்கியையும்விடத் தெளிவாக அந்தத் தூண்கள் சொல்லிவிடும்.