குதிரையும் வடமும்

மதுரைக்கு வடமேற்கே உள்ள அலங்காநல்லூரை ஏறு தழுவுதலுக்காக நாடே அறியும். அவ்வூர்ப் பெயருக்கு வேறொரு மரபுக் கதையும் வழங்கி வருகிறது. திருமலை நாயக்கர் (1623–1659) காலத்துக்கு முன்னர் கள்ளழகர் வைகையில் இறங்கத் தேனூருக்குச் செல்லும் வழியில் இங்கு அலங்காரம் செய்யப்பெற்றார் என்றும், அலங்காரநல்லூரே அலங்காநல்லூர் ஆயிற்று என்றும் கூறுவர். இன்று சித்திரைத் திருவிழாவில் அழகர் தங்கக் குதிரைமேல் மதுரை வைகைக்கு வருகிறார். குதிரையோ பாயும் கோலத்தில் உள்ளது. ஆனால் நடப்பது குதிரையன்று. அதனைத் தோளில் சுமக்கும் மனிதர்களே. இவ்வுண்மையை மனத்திற்கொண்டு நம் நாட்டுத் தேர்க்கலையை நோக்குவோம்.

12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் முன்மண்டபம் தேர் வடிவானது. கல்லிலே சக்கரம், கல்லிலே பாய்ந்தோடும் குதிரை. அசையாத கட்டடத்துக்கு ஓட்டம் தந்த சிற்பியின் ஆற்றல் போற்றத்தக்கது. ஏறிச் செல்பவரின் பெருமையைக் குதிரையின் வேகத்தால் உணர்த்துவதே இக்கலையின் நோக்கம் எனலாம். திருவிழாத் தேர்களின் முன்புறத்திலும் மரக்குதிரைகள் பாயும் நிலையில் பொருத்தப்படுகின்றன. அவற்றின் கால்கள் தரையைத் தொடுவதில்லை. தேரை நகர்த்துவன வடம் பிடிக்கும் கைகளும், முட்டுக்கட்டை இடுவோரின் விழிப்புமே.

அங்ஙனமாயின் இக்கலை பொய் கூறுகிறதா? அப்படிச் சொல்வது நியாயமன்று. ஆயினும் குதிரையை வியக்கும் கண், வடத்தைப் பிடித்த கையைக் காணத் தவறுகிறது. சிவகங்கை மாவட்டக் கண்டதேவியில் ஒடுக்கப்பட்ட மக்கள் வடம் பிடிக்கும் உரிமை குறித்து 1998-இல் எழுந்த பூசல் நீதிமன்றம் வரை சென்றது. தேர் இழுத்தல் வெறும் உழைப்பாயின் அதற்காக எவரும் வழக்காடார். வடத்தைத் தொடுதல் ஊரில் இடம் பெறுதலாகும். ஆகவே மரக்குதிரை மறைப்பது உழைப்பை மட்டுமன்று, மாண்பையும் ஆகும். கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் எழுப்பிய திருச்சபைகளை உடைய நாம் இதில் பிறரைக் குறைகூற இயலாது.

எத்தியோப்பிய மந்திரி ஞானஸ்நானம் பெறும் காட்சியை ரெம்பிராண்ட் 1626-இல் தீட்டினார். அதில் குதிரைகள் பூட்டிய வண்டி பின்னால் நிற்கிறது. அதில் வந்தவர் இறங்கி முழந்தாளிட்டிருக்கிறார். பயணத்தின் பெருமையை வேகத்தில் காணாது இறங்குதலில் கண்டது இவ்வோவியத்தின் சிறப்பு. எனினும் அங்கும் நூலை ஏந்தி நிற்கும் பணியாளர் பணியாளராகவே நிற்கிறார். எசமானர் இறங்கியது அவருக்கு என்ன விடுதலை தந்தது என்னும் வினாவுக்கு ஓவியம் விடை கூறவில்லை.

அவ்வினா நம்முடையதாகிறது. அடுத்த சித்திரையில் தங்கக் குதிரையைக் காணும்போது, அதன் அழகை வியந்தபின், அதற்குக் கீழே உள்ள தோள்களையும் நோக்குவோமாக.