கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்: நல்ல பெப்பர் மில்லை அறிவது எப்படி?

பெப்பர் மில் வாங்கக் கடைக்குப் போனால், எடுத்த எடுப்பில் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். உடம்பு மரமா, பளபளக்கும் ஸ்டீலா, உள்ளே மிளகு தெரிகிற அக்ரிலிக்கா என்பதெல்லாம் அப்புறம். மிளகைப் பொடிப்பது அடியில் இருக்கும் பல். நாம் கொடுக்கும் காசு அந்தப் பல்லுக்குப் போகிறதா, மேல் பாலிஷுக்குப் போகிறதா என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அம்மியும் சின்ன உரலும் இருக்கிற வீட்டில் இது எதற்கு? நியாயமான கேள்விதான். ரசத்துக்கு மிளகு, சீரகம், பூண்டு மூன்றையும் சேர்த்துத் தட்ட உரலை மிஞ்ச எதுவும் இல்லை. பெப்பர் சிக்கனுக்கு மொத்தமாகப் பொடிக்க வேண்டுமென்றால் மிக்ஸிதான் தோது. மில்லின் வேலை இவை முடிந்த பிறகு, பரிமாறும்போதுதான் தொடங்குகிறது. ஹாஃப் பாயில், சூப், வெள்ளரித் துண்டு, ஆவி பறக்கும் வெண்பொங்கல் இவற்றின் மேல் தூவ இரண்டு சிட்டிகை போதும். அதற்காக யாரும் உரலைக் கழுவித் துடைத்து எடுக்க மாட்டார்கள். பொடித்து டப்பாவில் வைத்திருப்பதைத்தான் எடுப்போம். மிளகின் பாதி அந்த டப்பாவிலேயே போய்விடுகிறது.

காரம் வேறு, மணம் வேறு

மிளகின் காரத்துக்குக் காரணம் பைப்பரின். இதை 1819-ல் பிரித்தெடுத்தவர் டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட். மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்று மறு வருஷம் கண்டுபிடித்துப் பெயர் வாங்கியவரும் அவரே. பைப்பரின் லேசில் ஆவியாகாது. மணம் அப்படியில்லை. பைனீன், லிமோனீன், கேரியோஃபிலீன் போன்ற, காற்றோடு போய்விடுகிற எண்ணெய்ச் சத்துகள் சேர்ந்ததுதான் அது. முழு மிளகில் அவை பத்திரமாக இருக்கும். உடைத்ததுமே கிளம்பத் தொடங்கிவிடும். அதனால்தான் பழைய பொடி தொண்டையில் எரிகிறது, மூக்குக்கு எதுவும் தருவதில்லை.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். அவித்த முட்டை ஒன்றை இரண்டாக வெட்டி, ஒரு பாதியில் டப்பாப் பொடியும் மறு பாதியில் அப்போதே பொடித்ததும் போடுங்கள். தின்பதற்கு முன் முகர்ந்து பாருங்கள். புதுப்பொடியில் முதலில் எலுமிச்சைத் தோலின் வாசம், அதன் பின்னால் மரப்பிசின் வாசம், கடைசியில்தான் காரம் வரும். டப்பாப் பொடியில் காரம் மட்டுமே வரும்.

பல்லைப் பார்க்கும் விதம்

கவிழ்த்த மில்லின் அடியில் ஒரு வளையமும் அதன் நடுவே ஒரு கூம்பும் தெரியும். வளையம் அசையாது, மேலே திருகும்போது நடுத்தண்டோடு கூம்பு சுற்றும். இரண்டுக்கும் இடையில் சிக்கித்தான் மிளகு உடைகிறது. நல்ல மில்லில் இது இரண்டு கட்டமாக நடக்கும். மேலே இருக்கும் பெரிய, சாய்ந்த பற்கள் மிளகைப் பிடித்து இழுத்து ஒன்றிரண்டாக உடைக்கும். கீழே இருக்கும் சின்னப் பற்கள் அதை வேண்டிய பதத்துக்குப் பொடிக்கும். மட்டமான மில்லில் பல் ஆழமில்லாமல் மழுங்கலாக இருக்கும். மிளகு அதில் வழுக்கிக்கொண்டே நசுங்கும். முழுசும் தூளும் கலந்து விழும்.

இந்த வகைப் பல்லுக்குப் பேர் போனது பிரான்சின் பெஜோ. கார் செய்யத் தொடங்குவதற்கு முன்பே, 1840-ல் காபிக்கொட்டை மில்லும் 1874-ல் பெப்பர் மில்லும் செய்தது அந்தக் குடும்பம். அதற்கும் முன்னால் அவர்கள் ரம்பம் செய்தவர்கள். 1858-ல் பதிவான அவர்களின் சிங்கச் சின்னம், ரம்பத்தின் பல் சிங்கப்பல் போல உறுதியானது என்று சொல்வதற்காக வந்தது. இன்று காரின் முகப்பில் நிற்பதும் அந்தச் சிங்கத்தின் வழிவந்ததுதான்.

மிளகுக்குக் கெட்டிப்படுத்திய ஸ்டீல் பல்லே முதல் தேர்வு. கூர்மையாக வெட்டும், வெகுகாலம் உழைக்கும். ஆனால் அதில் உப்பைப் போடக் கூடாது, துருப்பிடித்துவிடும். செராமிக் பல் துருப்பிடிக்காது, ஆகவே உப்புக்கும் ஆகும். மிளகை வெட்டுவதைவிட நசுக்குவதுதான் அதற்கு அதிகம் வரும். கீழே விழுந்தால் விளிம்பு சிதறும். மிளகு நிரப்பியே விற்கிற பாட்டில்களின் மூடியில் இருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் பல். அது தேயத் தேய, தேய்ந்த துகள் எங்கே போகும்? நம் தட்டுக்குத்தான். அதைத் தவிர்த்துவிடுங்கள்.

வெள்ளைத்தாள் சோதனை

கடையில் மாதிரி மில் இருந்தால் ஒரு வெள்ளைத்தாளை விரித்து, முதலில் நைஸான பதத்தில் வைத்து ஐந்தாறு சுற்று திருகுங்கள். விழுந்த பொடியை விரலால் பரப்பிப் பார்த்தால் எல்லாத் துகளும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். நடுநடுவே பெரிய கறுப்புத் துண்டுகள் தெரிந்தால் கூம்பு சரியாக நடுவில் உட்காரவில்லை என்று பொருள். அடுத்து கொரகொரப்பான பதத்துக்கு மாற்றித் திருகுங்கள். இப்போது தூள் குறைந்து, கடித்தால் படாரென்று வெடிக்கிற மாதிரி உடைசல் விழ வேண்டும். பெரும்பாலான மில்கள் தடுமாறுவது இந்த இரண்டு ஓரங்களில்தான். நடுப்பதத்தைச் சுமாரான மில்லும் சமாளித்துவிடும்.

பதம் மாற்றும் அமைப்பையும் கவனியுங்கள். பழைய மாதிரியில் உச்சியில் ஒரு குமிழ் இருக்கும். இறுக்கினால் நைஸ், தளர்த்தினால் கொரகொரப்பு. மிளகு நிரப்ப அந்தக் குமிழையே கழற்ற வேண்டியிருப்பதால் ஒவ்வொரு முறையும் வைத்த பதம் கலைந்துவிடும். அடியில் வளையத்தைத் திருப்பிப் பதம் வைக்கும் மாதிரியில் இந்தத் தொல்லை இல்லை. பேட்டரி மில் ஒரு கையால் இயக்க வசதி, மூட்டுவலி உள்ளவர்களுக்கு வரப்பிரசாதம். மற்றவர்களுக்குக் கையால் திருகுவதே போதும்.

உள்ளே போடும் மிளகு

எவ்வளவு நல்ல மில்லானாலும் பொக்கு மிளகைப் போட்டால் பொக்குத்தான் வரும். கையில் எடுத்தால் கனக்க வேண்டும், காம்பு கலந்திருக்கக் கூடாது. ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டால் முற்றிய மிளகு அடியில் தங்கும். பொக்கும், கலப்படமாக வரும் பப்பாளி விதையும் மிதக்கும். தலைச்சேரி என்ற பெயரில் விலை கூட்டி விற்பதைப் பார்த்திருப்பீர்கள். வணிகத்தில் அது பருமனைக் குறிக்கும் தரப்பெயர். அதில் 'எக்ஸ்ட்ரா போல்ட்' என்பது 4.25 மில்லிமீட்டருக்குக் குறையாத மிளகு. வாய் குறுகிய சின்ன மில்லில் அந்தப் பருமன் சிக்கிக்கொள்ளும். கொல்லிமலையிலோ ஏற்காட்டிலோ நேரடியாக வாங்க வாய்த்தால் அதுவே தாராளம்.

மில்லுக்கு முதல் எதிரி ஈரம். கொதிக்கிற பாத்திரத்துக்கு மேலே பிடித்துத் திருகினால் ஆவி பல்லுக்குள் ஏறி, பொடி அப்பிக்கொள்ளும். ஒரு சின்னத் தட்டில் பொடித்து எடுத்துப் போடுங்கள். மில்லைத் தண்ணீரில் கழுவாதீர்கள், காய்ந்த பிரஷ்ஷால் தட்டினால் போதும். நெய்யில் வறுத்த மிளகையும், மழைக்காலத்தில் நமுத்த மிளகையும் உள்ளே போடாதீர்கள். ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் நிரப்பி, மீதியை வெளிச்சம் படாத டப்பாவில் முழுசாக வையுங்கள்.

ஸ்டீல் பல் வைத்த நல்ல மில்லுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும், ஆனால் பல வருஷம் உழைக்கும். அவ்வளவு முடியாது என்றால் அலங்காரமில்லாத செராமிக் மில் வாங்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் வீட்டுச் சின்ன உரலில் அவ்வப்போது தட்டிக்கொள்வதே மேல். அழகான உடம்பும் மழுங்கிய பல்லும் உள்ள மில்லை மட்டும் யார் பரிசாகக் கொடுத்தாலும் அடுப்படிக்குள் விடாதீர்கள்.