தேதி காலி இல்லீங்க!

கடலூரிலிருந்து நெய்வேலிக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு குள்ளஞ்சாவடியைத் தெரிந்திருக்கும். செம்மண், முந்திரித் தோப்பு, ரோட்டோர டீக்கடை. ஊர்ப் பெயரின் பின்பாதியைக் கொஞ்சம் கவனியுங்கள். சாவடி. வழிப்போக்கர்கள் வெயிலுக்கு ஒதுங்கவும் ராத்திரி தலை சாய்க்கவும் இருந்த பொது இடத்துக்கு நம் ஆட்கள் வைத்த பெயர்.

சில வருடங்களுக்கு முன்னால் அந்தப் பக்கம் நண்பர் ஒருவரோடு கல்யாண மண்டபம் பார்க்கப் போனேன். அவருடைய பெண்ணுக்குக் கல்யாணம். நெய்வேலி டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்த பெண். மாப்பிள்ளை கிறிஸ்தவர். இரண்டு வீட்டிலும் சம்மதம். ரிஜிஸ்தர் ஆபீஸில் கையெழுத்து, மண்டபத்தில் எல்லோருக்கும் சாப்பாடு. அவ்வளவுதான் ஏற்பாடு.

மண்டபக்காரர் நல்ல மனிதர். வெயிலில் வந்தவர்கள் என்று மோர் வரவழைத்தார். வாடகை, கரண்ட், பாத்திரம், துப்புரவு எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கணக்குச் சொன்னார். அசைவம் கூடாது என்றார். நண்பர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். டைரி திறந்தது. நாங்கள் கேட்ட ஞாயிற்றுக்கிழமை வெள்ளையாக இருந்தது. பெண்ணின் பெயரை எழுதிக்கொண்டார்.

“மாப்பிள்ளை பேரு?”

சொன்னோம். பேனா நின்றது. டைரி மூடியது.

“தேதி காலி இல்லீங்க.”

“இப்பதானே சார் காலியா இருந்துச்சு?” என்றேன் நான்.

அவர் கொஞ்ச நேரம் மேஜையைப் பார்த்தார். “தப்பா நினைக்காதீங்க சார். உள்ளே பிள்ளையார் வெச்சிருக்கேன். தினம் விளக்கேத்தறேன். மனசு ஒப்பலை. என் மண்டபம், என் சாமி. எனக்கு அந்த உரிமை இல்லையா?”

நண்பர் ஒன்றும் பேசவில்லை. மோர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். பஸ் ஸ்டாப் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் மெதுவாக, “பொண்ணுகிட்ட தேதி கிடைக்கலைன்னே சொல்லிடலாம்” என்றார்.

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் இந்த விஷயத்தை மறந்திருப்பேன். அந்தப் பொய்தான் இன்னும் உறுத்துகிறது.

*

‘எனக்கு அந்த உரிமை இல்லையா?’ என்பதைச் சும்மா கேட்ட கேள்வியாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய பக்தி நிஜம். அதனால் பதிலும் நிஜமாக இருக்க வேண்டும்.

மத சுதந்திரம் என்று வாதாடுகிறவர்கள் எல்லோரும் அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவைக் காட்டுவார்கள். மனசாட்சிப்படி நம்ப, கடைப்பிடிக்க, பரப்ப எல்லோருக்கும் உரிமை. சரி. ஆனால் அந்தப் பிரிவு தொடங்குகிற இடத்தையும் படிக்க வேண்டும். பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம், அதோடு அடிப்படை உரிமைகள் பகுதியின் மற்ற பிரிவுகள், இவற்றுக்குக் கட்டுப்பட்டே இந்த உரிமை என்றுதான் ஆரம்பிக்கிறது.

அந்த மற்ற பிரிவுகளில் ஒன்று 15(2). கடை, ஓட்டல், பொது உணவு விடுதி, பொழுதுபோக்கு இடம் எதிலும் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணம் காட்டி எந்தக் குடிமகனையும் தடுக்கக் கூடாது என்கிறது. மற்ற உரிமைகள் பெரும்பாலும் சர்க்காரைப் பார்த்துச் சொல்லப்பட்டவை. இது கல்லாவில் உட்கார்ந்திருக்கும் உங்களையும் என்னையும் பார்த்துச் சொன்னது.

‘மண்டபம் கடையா சார்?’ என்று நீங்கள் கேட்கலாம். 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் இதே மாதிரிக் கேள்வி வந்தது. கடை என்றால் சலவைக் கடை, சவரக் கடையெல்லாம் சேர்த்தியா? அம்பேத்கர் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: சாமான் விற்கிற இடம் மட்டும் கடை அல்ல. தன் சேவையை நாடி வருகிறவர்களுக்கு அதைத் தர ஒருவர் தயாராக இருக்கிற இடம் எதுவோ அது கடை. உள்ளே நுழைய விட்டால் மட்டும் போதாது, நிபந்தனைகள் ஒத்துவந்தால் சேவையும் தர வேண்டும். 2011-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பில் இந்த விளக்கத்தை எடுத்தாண்டு, ‘கடை’ என்ற சொல்லை அகலமாகவே படித்தது.

எங்கள் விஷயத்தில் நிபந்தனை எல்லாம் ஒத்துவந்துவிட்டது. வாடகை, கரண்ட், பாத்திரம், சைவம் எல்லாமே. மாப்பிள்ளை பெயர்தான் ஒத்துவரவில்லை.

*

அசைவம் கூடாது என்று அவர் சொன்னபோது எங்களுக்கு வலிக்கவில்லை. ஏன்? அது எல்லோருக்கும் பொதுவான விதி. ஹலால் கடையில் பன்றிக்கறி கேட்டால் கிடைக்காது. சைவ மெஸ்ஸில் ஆம்லெட் கிடைக்காது. யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை. எதை விற்பது என்பதைக் கடைக்காரரின் மதம் முடிவு செய்யலாம். யாருக்கு விற்பது என்பதை முடிவு செய்யக் கூடாது. என் வாதம் மொத்தமும் இந்த இரண்டு வரிதான்.

நம் ஊர்ச் சரித்திரமே இந்தக் கோட்டைத் தேடி அலைந்ததுதான். ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று இருந்தது. போராடிப் போராடி 1941-ல் தான் அது ஒழிந்தது. 1957-ல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கஃபே வாசலில் பெரியாரின் ஆட்கள் மறியல் செய்தார்கள். போர்டில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி மாதக்கணக்கில் மறியல், கைது, மறுபடி மறியல். அடுத்த வருடம் அந்தச் சொல் போனது. ‘அது சுத்த சைவம்னு சொல்ற அடையாளம்தானே’ என்று அன்றும் வாதம் உண்டு. 2012-ல் ஸ்ரீரங்கத்து ஓட்டல் ஒன்றில் அதே சொல் திரும்ப வந்து தகராறு ஆனபோதும் உண்டு. சைவம் என்று சொல்ல ‘சைவம்’ என்ற மூன்றெழுத்து போதாதா? சாப்பாட்டைச் சொல்ல வேண்டிய போர்டு ஆளைச் சொன்னதுதான் பிரச்னை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் தெற்கு கரோலினாவில் பிக்கி பார்க் என்று பார்பெக்யூ ஓட்டல்கள் நடத்திய ஒருவர், கறுப்பர்களை உட்கார வைத்துப் பரிமாற மாட்டேன், இனங்கள் கலப்பது ஆண்டவனுக்கு விரோதம் என்றார். 1968-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் இந்த வாதத்தைப் பொருட்படுத்தவே தகுதியற்றது என்று ஓர் அடிக்குறிப்பில் தள்ளிவிட்டுப் போனது. பிரிட்டனில் 2018-ல் வந்த ஆஷர்ஸ் பேக்கரி வழக்கு வேறு மாதிரி. ஓரினத் திருமணத்தை ஆதரிக்கும் வாசகத்தை கேக்கில் எழுத மறுத்தார்கள் கிறிஸ்தவ பேக்கரிக்காரர்கள். கோர்ட் அவர்கள் பக்கம் நின்றது. கேட்டவர் யார் என்பதற்காக மறுக்கவில்லை, யார் கேட்டிருந்தாலும் அந்த வாசகத்தை எழுதியிருக்க மாட்டார்கள் என்பது காரணம். இரண்டு தீர்ப்பும் முரண் போலத் தெரியும். ‘எதை’, ‘யாருக்கு’ என்று பிரித்துப் பாருங்கள், முரண் இல்லை.

அதனால்தான் புரோகிதரையோ பாதிரியாரையோ ஹஜ்ரத்தையோ ‘இந்தக் கல்யாணத்தை நீ நடத்தித்தான் ஆக வேண்டும்’ என்று கட்டாயப்படுத்துவதை நான் ஏற்க மாட்டேன். அது அவர்களுடைய வழிபாடு. நாற்காலியும் அண்டாவும் வாடகைக்கு விடுவது வழிபாடு இல்லை.

*

குள்ளஞ்சாவடியிலிருந்து அதே ரோட்டில் இன்னும் கொஞ்சம் பஸ்ஸில் போனால் வடலூர். நான் சொல்லும் கோட்டை அங்கே ஒருவர் எப்போதோ போட்டுவிட்டார்.

வள்ளலாரின் சத்திய ஞான சபைக்குள் நுழைய ஒரு கறாரான விதி உண்டு. கொலை, புலை தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே போகலாம். உயிர்க்கொலை செய்கிறவர்களும் புலால் உண்பவர்களும் தமக்குப் புற இனத்தார் என்றே எழுதியவர் அவர். கொள்கையில் அவரைவிடக் கறாரான ஆள் கிடையாது. ஆனால் அதே வாயால், அவர்களுக்கும் பசியை மட்டும் தவிர்த்தே ஆக வேண்டும் என்றார். 1867-ல் தர்மசாலையில் அவர் மூட்டிய அடுப்பு இன்றுவரை எரிகிறது. பந்தியில் உட்காருகிறவனிடம் நேற்று நீ என்ன சாப்பிட்டாய், உன் சாமி எது என்று கேட்பதில்லை. இலையில் சைவம்தான் விழும். இலை எல்லோருக்கும் விழும்.

சபைக்கு ஒரு விதி, சாலைக்கு ஒரு விதி. நம் மண்டபக்காரர் சாலையைத் திறந்து வைத்துக்கொண்டு சபையின் விதியைப் போடுகிறார். தர்மசாலை இலவசம்தானே, வியாபாரத்தோடு எப்படி ஒப்பிடலாம் என்கிறீர்களா? சும்மா போடுகிற சோற்றுக்கே ஆள் பார்க்கக் கூடாது என்றால், காசு வாங்கிக்கொண்டு ஆள் பார்க்கலாமா?

*

இவ்வளவு தெளிவாகச் சட்டம் இருந்தும் நண்பர் ஏன் சும்மா வந்தார்? சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. தீண்டாமையின் பேரில் கடையில் சேர்க்க மறுத்தால், குவளை மாற்றிக் கொடுத்தால், 1955-ன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆறு மாதம் வரை சிறை. மதத்தைக் காரணம் காட்டி மறுத்தால் அதற்கென்று தண்டனைச் சட்டம் எதுவும் இல்லை. 15(2) இருக்கிறது, ஆனால் அதைக் கையில் எடுக்க ரிட் மனு, வக்கீல் ஃபீஸ், வருடக்கணக்கு. பெண் கல்யாணத்தை வைத்துக்கொண்டு யார் போவார்கள்? பாகுபாட்டுக்கு எதிரான பொதுச் சட்டம் ஒன்றை 2017-ல் சசி தரூர் தனிநபர் மசோதாவாக மக்களவையில் வைத்தார். அது சட்டமாகவில்லை.

கோர்ட்டும் எப்போதும் ஒரே மாதிரி பேசுவதில்லை. 2005-ல் ஆமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் வழக்கில், பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதி செல்லும் என்றது சுப்ரீம் கோர்ட். சிறிய சமூகம் சேர்ந்து வாழ ஆசைப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு திறந்த கதவு வழியே பெரிய சமூகங்களும் நுழையலாமே! ‘நம்மவர்களுக்கு மட்டும்’ என்று ஒவ்வொரு அடுக்குமாடியும் ஆரம்பித்தால் ஊர் என்று ஒன்று மிஞ்சுமா?

2020-ல், கொரோனா சமயத்தில், எங்களிடம் முஸ்லிம் பணியாளர் இல்லை என்று விளம்பரம் செய்த தி.நகர் பேக்கரிக்காரரைப் போலீஸ் கைது செய்தது. 2024-ல் காவடி யாத்திரைப் பாதையில் இருக்கும் ஓட்டல்காரர்கள் தங்கள் பெயரை எழுதி மாட்ட வேண்டும் என்று உத்தரப்பிரதேசத்தில் உத்தரவு போட்டார்கள். ஜூலை 22 அன்று சுப்ரீம் கோர்ட் அதற்குத் தடை விதித்தது. என்ன சாப்பாடு என்று எழுதச் சொல்லலாம், கடைக்காரர் பெயரை எழுதக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. மறுபடியும் அதே கோடுதான். எது என்று கேள், யார் என்று கேட்காதே.

நண்பரின் பெண்ணுக்குக் கல்யாணம் நல்லபடியாக நடந்தது, வேறு ஊரில். அவளுக்கு இன்றுவரை அந்த ஞாயிற்றுக்கிழமை காலியாக இருந்தது தெரியாது. மண்டபக்காரரும் உண்மையைத் தன்னோடு வைத்துக்கொண்டு பொய்யை எங்கள் கையில் கொடுத்தார். நாங்களும் பத்திரமாகக் கொண்டுபோய் அவளிடம் சேர்த்துவிட்டோம்.

உங்களுக்கும் யாராவது எப்போதாவது ‘தேதி காலி இல்லீங்க’, ‘ரூம் இல்லீங்க’, ‘வீடு இப்பதான் முடிஞ்சுது’ என்று சொல்லியிருப்பார்கள். அடுத்த தடவை வீட்டுக்கு வந்து அந்தப் பொய்யைச் சொல்லாதீர்கள். உங்கள் பெண்ணிடம் நடந்ததைச் சொல்லுங்கள். சட்டத்தின் ஓட்டையை அடைக்க நாளாகும். இந்த ஓட்டையை நாமே அடைக்கலாம்.