கஜூர் ரோட்டில் ஓர் ஒத்திகை வீடு

2010 ஜூலையில் 'இந்தியன் ஓஷன்' என்ற தில்லி இசைக்குழு தன் புதிய தொகுப்பின் முதல் பாடலை இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. மாதத்துக்கு ஒன்றாக மொத்தம் ஏழு பாடல்கள். தொகுப்பின் பெயர் '16/330 கஜூர் ரோடு'. அது கரோல் பாகில் இருந்த ஒரு பழைய பங்களாவின் முகவரி. 1997 முதல் அந்தக் குழு ஒத்திகை பார்த்ததும் பாட்டு கட்டியதும் அங்கேதான். இடத்தின் பெயரைப் பாட்டுத் தொகுப்புக்கு வைப்பது உலகத்தில் புதிதல்ல. பீட்டில்ஸ் 1969இல் தாங்கள் ஒலிப்பதிவு செய்த தெருவின் பெயரில் 'ஆபி ரோடு' வெளியிட்டார்கள். எரிக் கிளாப்டன் 1974இல் ஃபுளோரிடாவில் தங்கியிருந்த வீட்டின் எண்ணையே '461 ஓஷன் பூல்வார்ட்' என்று தலைப்பாக்கினார். நியூயார்க் மாநிலத்தில் ஒரு இளஞ்சிவப்பு வீட்டில் கூடி வாசித்த 'தி பேண்ட்' குழுவின் முதல் தொகுப்பிலும் (1968) அந்த வீடுதான் தலைப்பு. ஆனால் இந்தியாவில், சினிமாப் பாட்டே வெகுஜன இசை என்றாகிவிட்ட ஒரு நாட்டில், கதவு எண்ணை அட்டையில் அச்சிட்ட அந்தச் செயலுக்குத் தனி அர்த்தம் உண்டு. நாங்கள் யார் என்பதைச் சொல்ல எங்களிடம் படத்தின் பெயர் இல்லை, நடிகரின் முகம் இல்லை, இந்த வீடு இருக்கிறது என்று அது சொல்கிறது.

கரோல் பாக் தமிழர்களுக்குப் பழகிய இடம். மத்திய அரசு வேலை கிடைத்து ரயிலேறிய தலைமுறைக்கு அது முதல் வாடகை அறையும் முதல் மெஸ் சாப்பாடும். இன்றைக்கு ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அங்கேயும் பக்கத்துப் பழைய ராஜேந்தர் நகரிலும் அறையெடுத்துத் தங்குகிறார்கள். பிரிவினைக்குப் பின் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் கட்டியெழுப்பிய கடைவீதி அது. அஜ்மல் கான் ரோட்டில் கல்யாணப் புடவையும் லெஹங்காவும், கஃபார் மார்க்கெட்டில் மின்னணுச் சாமான்கள். இந்தச் சந்தடிக்கு நடுவே நாலு பேர் உட்கார்ந்து ஒரு பாட்டை மாதக்கணக்கில் உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

இசைக் கலைஞர்களின் வாழ்க்கையை நாம் எழுதும் முறையைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு குறை உண்டு. பிறந்த ஊர், பட்ட வறுமை, கிடைத்த முதல் வாய்ப்பு, வெற்றிகள், விருதுகள், மறைவு. தமிழில் இந்தக் கதைக்கு அறைகள் உண்டு, நிறையவே உண்டு. தி.நகர் கிளப் ஹவுஸில் வாலியும் நாகேஷும் தங்கியிருந்த நாட்களை வாலியின் தன்வரலாறான 'நானும் இந்த நூற்றாண்டும்' படித்த யாரும் மறக்க மாட்டார்கள். ஆனால் அந்த அறைகள் பெரும்பாலும் காத்திருக்கும் அறைகள். சான்ஸ் வரும்வரை தங்குமிடம். வந்ததும் காலி செய்துவிடுகிறார்கள், எழுதுபவரும் கூடவே வெளியேறிவிடுகிறார். கஜூர் ரோட்டு வீடு அப்படிப்பட்டதல்ல. அங்கே யாரும் எதற்கும் காத்திருக்கவில்லை. வேலையே அங்குதான் நடந்தது. ஒரு வெகுஜனக் கலைஞனின் வாழ்வை அவனுடைய வேலை நடந்த இடத்திலிருந்து எழுதினால் அது எப்படி இருக்கும் என்று யோசிக்க இந்தக் குழு நல்ல எடுத்துக்காட்டு.

கிதார் வாசித்த சுஷ்மித் சென்னும் தபலா வாசித்துக்கொண்டே பாடிய அஷீம் சக்கரவர்த்தியும் 1984இல் சந்தித்தார்கள். 'இந்தியன் ஓஷன்' என்ற பெயருடன் குழு உருவானது 1990இல். அந்தப் பெயரைச் சொன்னவர் சுஷ்மித்தின் தந்தை. 1991இல் பாஸ் கிதாருக்கு ராகுல் ராம் வந்தார், 1994இல் டிரம்ஸுக்கு அமித் கிலாம். முதல் தொகுப்பை எச்.எம்.வி. 1993இல் வெளியிட்டது. அடுத்தது வரவே நான்கு ஆண்டுகள் ஆயின, அதுவும் ஸ்டுடியோவில் பதிவானதல்ல. தெருநாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மியின் நினைவாக ஆண்டுதோறும் ஜனவரி முதல் தேதி நடக்கும் நிகழ்ச்சியில், 1997இல் மண்டி ஹவுஸ் பக்கம் திறந்த வெளியில் வாசித்ததன் பதிவே 'டெசர்ட் ரெயின்'. 2000இல் வந்த 'கந்தீசா'தான் அவர்களை நாடறியச் செய்தது.

'கந்தீசா'வைக் கவனித்துக் கேட்டால் ஒத்திகை வீட்டின் வேலை என்னவென்று புரியும். தலைப்புப் பாடல் கேரள சுரியானிக் கிறிஸ்தவர்களின் தேவாலயங்களில் வழங்கும் அரமேய மொழித் துதி. 'மா ரேவா' நர்மதை நதியைப் போற்றும் நாட்டுப்பாட்டு. ராகுல் ராம் நர்மதை பாதுகாப்பு இயக்கத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தவர், அந்தப் பாட்டு அங்கிருந்து வந்தது. இவற்றைக் கல்லூரி மைதானத்தில் ஆயிரக்கணக்கானவர் சேர்ந்து பாடும் பாட்டாக மாற்ற ஒரு ஏற்பாட்டாளரின் ஒரு நாள் கால்ஷீட் போதாது. சுஷ்மித்தின் கிதார் ராகத்தின் பக்கம் சாயும்; அமித்தின் டிரம்ஸ் ராக் இசையின் பக்கம் இழுக்கும்; அஷீமின் தபலாவும் குரலும் ஒரே உடம்பிலிருந்து வரும். நான்கு பேரும் ஒருவரை ஒருவர் கேட்டுக் கேட்டு, வேண்டாததைக் கழித்து, ஒரு பாட்டை முடிக்கப் பல மாதங்கள் எடுத்துக்கொண்டார்கள். சினிமாவில் இது நடக்காது. தயாரிப்பாளருக்குத் தேதி இருக்கிறது.

பிறகு சினிமாவும் அவர்களைத் தேடி வந்தது. அனுராக் காஷ்யப்பின் 'பிளாக் ஃபிரைடே' வழக்கில் சிக்கி 2007இல்தான் திரைக்கு வந்தது. பியூஷ் மிஸ்ராவின் வரிகளில் 'பந்தே' பாட்டு படத்துக்கு முன்பே ஊரெல்லாம் ஒலித்தது. 'பீப்ளி லைவ்' (2010), 'மசான்' (2015) ஆகியவற்றிலும் அவர்கள் இசை உண்டு. ஆனால் மும்பைக்குக் குடிபெயரவில்லை.

இந்த நிதானத்துக்கு யார் செலவு செய்தார்கள் என்ற கேள்வியைத் தவிர்க்கக் கூடாது. ராகுல் ராம் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நச்சியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். தந்தை தில்லிப் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற தாவரவியல் பேராசிரியர் எச்.ஒய். மோகன் ராம், தாத்தா ஹொளெநரசீபுர யோகநரசிம்மம் கர்நாடக இசைக் கீர்த்தனைகள் இயற்றியவர். இன்னொரு தில்லிக் குழுவான 'யூஃபோரியா'வை 1988இல் தொடங்கிய பலாஷ் சென் மருத்துவர். 'பரிக்கிரமா' (1991) தொகுப்பே வெளியிடாமல் பாட்டுகளை இணையத்தில் இலவசமாகத் தந்து, மேடைக் கட்டணத்தில் மட்டும் வாழ்ந்தது. அதற்குத் தில்லியின் கல்லூரிவிழாக்கள் துணை நின்றன. படிப்பும், ஆங்கிலமும், விழுந்தால் தாங்கும் குடும்பமும் இருந்தவர்களுக்கே பத்து வருடம் ஓர் அறைக்குள் உட்கார முடிந்தது. இதனால் அவர்கள் இசையின் தரம் குறையவில்லை. ஆனால் அறை கிடைக்காதவர்களின் கதையைப் பக்கத்தில் வைக்காமல் இதைப் படித்தால் படம் கோணலாகிவிடும்.

அப்படியொரு கதையும் இதே நகரத்தில் உண்டு. தரியாகஞ்சில் பழச்சாறு விற்ற குடும்பத்தின் பையன் குல்ஷன் குமார் 1983இல் சூப்பர் காசெட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். மூலப்பதிவு வந்துவிட்டால் உரிமைத்தொகை செலுத்தி வேறு குரலில் பதிவு செய்யலாம் என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அப்போது இடம் கொடுத்தது. அந்த இடைவெளியில் மலிவான கேசட்டுகள் வெள்ளமாக வந்தன. பழைய பாட்டுக்குப் புதுக் குரல் தேவைப்பட்டது; குரல்கள் கல்யாண மேடைகளிலிருந்து வந்தன. சோனு நிகம் சிறுவயதில் தன் தந்தையோடு கல்யாண மேடைகளில் ரஃபி பாட்டுப் பாடியவர். மும்பை போனபின் 'ரஃபி கீ யாதேன்' கேசட்டுகளால் பெயர் வாங்கியவர். நரேந்திர சஞ்சல் 'பாபி' (1973) பாட்டுக்கு ஃபிலிம்ஃபேர் விருது பெற்றும் தேவி ஜாக்ரதாக்களின் இரவு மேடைகளிலேயே வாழ்நாளைக் கழித்தார்; 2021 ஜனவரியில் தில்லியில் காலமானார். கரோல் பாக் மாதிரியான பஞ்சாபிக் குடியிருப்புகளில் தெருவை அடைத்துப் பந்தல் போட்டு விடியவிடிய நடக்கும் அந்த ஜாக்ரதாக்கள்தான் இவர்களுக்கு ஒத்திகையும் அரங்கேற்றமும் சம்பளமும். கேட்பவர் எதிரே உட்கார்ந்திருக்க, தப்புச் செய்ய இடமில்லாமல் கற்றுக்கொண்டார்கள். குல்ஷன் குமார் 1997 ஆகஸ்ட் 12 அன்று மும்பையில் சுட்டுக்கொல்லப்பட்டார்; அவரைப் பற்றி எழுதியவற்றில் பெரும்பகுதி அந்தக் கொலையையே சுற்றுகிறது, அவர் சந்தைக்குக் கொண்டுவந்த குரல்களைச் சுற்றவில்லை.

தில்லியை விட்டுப் போனவர்களும் உண்டு. கே.கே. என்று நாமறிந்த கிருஷ்ணகுமார் குன்னத் 1968இல் தில்லியில் மலையாளக் குடும்பத்தில் பிறந்து, கிரோரி மல் கல்லூரியில் படித்து, 1994இல் மும்பை சென்றவர். சினிமாவில் நிலைபெறும் முன் அவர் பாடிய விளம்பரப் பாட்டுகள் ஆயிரக்கணக்கில். அவருடைய பயிற்சி அறை விளம்பர ஒலிப்பதிவுக்கூடம் என்றால் மிகையில்லை: முப்பது நொடியில் ஒரு மனநிலையைக் கொண்டுவந்து நிறுத்தும் அந்தத் திறமையை 'மின்சார கனவு' படத்தின் 'ஸ்ட்ராபெரி கண்ணே' முதல் 'காக்க காக்க'வின் 'உயிரின் உயிரே', 'கில்லி'யின் 'அப்படிப் போடு' வரை நாம் கேட்கலாம். 2022 மே 31 அன்று கொல்கத்தாவில் மேடையிலிருந்து இறங்கிய சற்று நேரத்தில் இறந்தார். உஷா உதுப் வேறு திசையில் வந்தவர். 1969இல் சென்னை மவுண்ட் ரோட்டு 'நைன் ஜெம்ஸ்' இரவு விடுதியில் புடவையுடன் பாடத் தொடங்கி, கொல்கத்தா 'டிரிங்காஸ்' வழியாகத் தில்லி ஓபராய் ஹோட்டலுக்கு வந்தார். அங்கே அவரைக் கேட்ட தேவ் ஆனந்த் குழுவினரால் சினிமா வாய்ப்புக் கிடைத்தது. அவருக்கு ஒத்திகை அறையென்று தனியாக எதுவும் தேவைப்படவில்லை. குடித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கும் கூட்டத்தைத் திரும்பிப் பார்க்க வைப்பதே அவருடைய சாதகம்.

இனி நம் ஊர். பண்ணைப்புரத்துப் பாவலர் சகோதரர்களுக்கு அறை ஏது? கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளும் கிராமத்துத் திடல்களுமே அவர்கள் கற்ற இடம். சென்னைக்கு வந்தபின் அவர்களில் ஒருவரான இளையராஜாவுக்கு மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரின் அறை கிடைத்தது. மேற்கத்திய இசையை எழுதிப் படிக்கும் முறை அங்கே வசப்பட்டது. 'அன்னக்கிளி' (1976) வருவதற்கு முன்பு ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்த ஆண்டுகளும் அதனுடன் சேரும். அதே மாஸ்டரிடம் சிறுவன் திலீப் குமாரும் படித்தான். தந்தை ஆர்.கே. சேகர் 1976இல் இறந்தபின் அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டுப் பிழைத்த குடும்பம் அது. 'நெமிசிஸ் அவென்யூ' ராக் குழுவில் வாசித்துப் பழகிய அந்த இளைஞன், ஏ.ஆர். ரகுமானாகத் தன் வீட்டுப் பின்கட்டில் பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடத்தைக் கட்டியது தமிழ்ச் சினிமா இசையில் நடந்த பெரிய மாற்றம் என்பேன். அதுவரை இசையமைப்பாளன் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த கூடம் அவனுக்கே சொந்தமானது. இரவு முழுக்கத் தவறு செய்துபார்க்கும் உரிமையும் கூடவே வந்தது. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சி நடத்திய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்', கானாப் பாடகர்களுக்கு அப்படியொரு பொது இடத்தை உருவாக்க முயன்றது. சாவு வீட்டு வாசலில் பாடியவனுக்கு ஒத்திகைக்கூடமும் ஒலிப்பொறியாளனும் கிடைத்தது அதன் சாதனைகளில் ஒன்று. மேடையில் ஒலித்த அரசியலைப் பற்றி எழுதியவர்கள் இதைப் பற்றி எழுதவில்லை.

எழுதப்பட்டவை என்ன? ரகுமானுக்கு ஆங்கிலத்தில் காமினி மத்தாயின் நூல் (2009), கிருஷ்ணா திரிலோக்கின் நூல் (2018) என வரலாறுகள் உண்டு. உஷா உதுப்பின் வாழ்க்கையை விகாஸ் குமார் ஜா இந்தியில் எழுதினார். 2022இல் அது ஆங்கிலத்துக்கு வந்தது. சுஷ்மித் சென் தன் நினைவுக்குறிப்பை 2014இல் வெளியிட்டார். இவற்றுக்கெல்லாம் மேலாக நான் மதிப்பது ஜெய்தீப் வர்மாவின் 'லீவிங் ஹோம்' ஆவணப்படம் (2010). பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது, யார் எதை விட்டுக்கொடுக்கிறார்கள், பணம் எப்படிப் பிரிக்கப்படுகிறது, நாலு பேர் இத்தனை வருடம் சண்டை போட்டும் எப்படிச் சேர்ந்திருக்கிறார்கள் என்று பொறுமையாகப் பார்க்கும் படம் அது. அது ஏப்ரலில் திரையரங்குக்கு வந்தபோது அஷீம் இல்லை. 2009 டிசம்பர் 25 அன்று 52 வயதில் மாரடைப்பால் இறந்திருந்தார். 'கஜூர் ரோடு' தொகுப்பில் ஒலிப்பது அவர் விட்டுச்சென்ற கடைசிப் பதிவுகள். அவற்றை விற்காமல் கொடுத்துவிட முடிவெடுத்ததில் துக்கமும் உண்டு, கணக்கும் உண்டு: தட்டு விற்றுக் கலைஞன் கையில் காசு பார்த்ததில்லை என்பதைப் பதினேழு வருட அனுபவம் அவர்களுக்குச் சொல்லியிருந்தது. படைப்பாளிகளின் உரிமைத்தொகைப் பங்கை யாரும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது 2012இல்தான்.

அஷீமின் இடத்தை ஒருவரால் நிரப்ப முடியவில்லை. பாட்டுக்கு ஹிமான்ஷு ஜோஷி, தபலாவுக்கு துஹீன் சக்கரவர்த்தி என்று இருவர் வந்தார்கள். 2013இல் சுஷ்மித் பிரிந்தார். நிகில் ராவ் கிதாரோடு சேர்ந்தார். மறு ஆண்டு வந்த 'தண்டனு' தொகுப்பில் வெளியாட்களை வரவழைத்து, பாட்டுக்கொருவராக உடன் வாசிக்க வைத்தார்கள். கஞ்சிராவுடன் செல்வகணேஷும் வயலினுடன் குமரேஷும் அந்த வரிசையில் உண்டு. நாலு பேர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிய பாட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முதல் கேட்பிலேயே தெரிகிறது: வாசிப்பு மேலும் கூர்மை, ஆனால் அஷீமின் தபலாவும் சுஷ்மித்தின் கிதாரும் ஒன்றின் பேச்சை மற்றது முடித்துவைக்கும் அந்தப் பழக்கம் அதில் இல்லை.