மண்டலமும் வேங்கட எல்லையும்: ஒரு சொல்லாய்வு

அமைப்புகள் இயங்கும் முறையை விளக்க மண்டலக் கோட்பாடு இன்று பல துறைகளிலும் எடுத்தாளப்படுகிறது. நடுவம் ஒன்று, அதனின்று அகல அகல ஆற்றல் குறையும், எல்லை கோடாக அமையாது, ஒன்றன் விளிம்பு மற்றொன்றன் விளிம்போடு மயங்கும். இவையே அதன் கூறுகள். இலங்கையிற் பிறந்த மானிடவியலறிஞர் ஸ்டான்லி தம்பையா 1976-இலும், வரலாற்றறிஞர் ஓ. டபிள்யூ. வோல்டர்ஸ் 1982-இலும் தென்கிழக்காசிய அரசுகளை இவ்வாறு விளக்கினர். தமிழிலோ, நரம்பு மண்டலம், செரிமான மண்டலம் என அமைப்பு என்பதையே மண்டலமெனப் பெயர்த்து வழங்குகிறோம். சொல்லோடு கோட்பாடும் உடன்வந்துவிடுகிறதா என்பது ஆராயத்தக்கது. இதற்குத் திருப்பதி நல்ல சான்று.

சோழர் காலத்தில் தொண்டை மண்டலம் ஜயங்கொண்ட சோழமண்டலம் எனப் பெயர் பெற்றது. மண்டலத்துள் கோட்டம், கோட்டத்துள் நாடு, நாட்டுள் ஊர் என்பது கல்வெட்டு முறை. திருப்பதி, திருவேங்கடக் கோட்டத்துக் குடவூர் நாட்டைச் சேர்ந்தது. இங்கே மண்டலம் என்பது நடுவத்தினின்று பரவும் ஒளியன்று. ஒன்றனுள் ஒன்று அடங்கும் கொள்கலம். எல்லா மண்டலத்தையும் தம்பையாவின் கண்கொண்டு காண்போர் இவ்வேறுபாட்டைக் கருதுவதில்லை.

விசயநகரக் காலத்துச் சான்று இன்னும் கூர்மையானது. நடுவத்தின் ஆற்றலே மொழியையும் நிறுவுமெனின், பேரரசின் செல்வாக்கு மிக்கிருந்த திருமலையில் தெலுங்கும் கன்னடமுமே மேலோங்கியிருத்தல் வேண்டும். 1513-இல் அங்கு வந்த கிருஷ்ணதேவராயரின் கொடைகள் அம்மொழிகளிலும் பொறிக்கப்பட்டுள்ளமை உண்மையே. ஆயினும் தேவஸ்தானம் தொகுத்து வெளியிட்ட கல்வெட்டுகளிற் பெரும்பான்மையன தமிழே. காரணம் தொலைவிற் காண்பது அரிது. கோயிலின் நடைமுறையிற் காணலாம். கொடையை ஏற்றுச் சிலாசாசனம் செய்துகொடுத்தவர் ஸ்தானத்தார். எழுதியவர் திருநின்றவூருடையான் என்னும் பெயர்பூண்ட கோயிற் கணக்கர். அவர்தம் எழுத்துமரபு தமிழ். அரசு மாறியும் கணக்கு மாறவில்லை! மண்டலக் கோட்பாடு காணத் தவறுவது இத்தகைய உள்ளியக்கத்தையே.

எனினும் கோட்பாட்டை முற்றும் தள்ளுதல் பொருந்தாது. தொல்காப்பியப் பாயிரத்தில் வேங்கடம் வட எல்லை. வைணவ வழிபாட்டுலகிலோ அதுவே நடுவம். ஓரிடம் ஒன்றற்கு விளிம்பாகவும் மற்றொன்றற்கு நடுவமாகவும் அமைதலை மண்டலம் ஏற்கும். மாவட்டக் கோடு ஏற்காது. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானதும், 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்ததும், 2022-இல் திருப்பதி தனி மாவட்டமானதும் கோடிழுத்த வரலாறே. கோட்டின் இருபுறமும் இருமொழியும் வழங்கிவருகின்றன.

மொழிபெயர்ப்பாளர் ஈண்டு இருமுறை இடறுவர். 1985-இல் ஆந்திர அரசு தாலுக்காவைப் பிரித்து மண்டலங்களை அமைத்தது. அன்று கோட்டங்கள் பலவற்றை அடக்கிய சொல் இன்று சில ஊர்களையே அடக்குகிறது. திருப்பதி ஊரக மண்டலம் எனத் தமிழிற் படிப்பவர் பெருநிலப்பரப்பொன்றை எண்ணக்கூடும். நம் தாலுக்காவின் பெயரான வட்டமும் மண்டலத்தின் நேர்ப்பொருளே. ஆயினும் அளவு வேறாதலின் அதனை ஈடாக்கலாகாது. மண்டலம் என்றே எழுதி, முதலிடத்தில் அளவைச் சுட்டுதல் தகும்.

அறிவியற் சொல்லில் இலங்கை வழக்கு தெளிவானது. அங்கே நரம்புத் தொகுதி, சமிபாட்டுத் தொகுதி என்பர். மூளையை நடுவமாகக் கொண்ட நரம்பமைப்புக்கு மண்டலம் ஒருவாறு பொருந்தும். வாய்முதல் குடல்வரை வரிசையாய் நிகழும் செரிமானத்துக்கு நடுவம் ஏது? தமிழ்நாட்டில் தொகுதி என்றதும் தேர்தல் நினைவுக்கு வருவதொன்றே தடை. அத்தடையும், அடைமொழி முன்னிற்பின், பெரிதன்று.