தீண்டலும் தீர்ப்பும்: ‘அக்கினிப் பிரவேசம்’, ‘சித்திரப்பாவை’ – ஓர் ஒப்பீடு

பெண்ணுடல்மீது நிகழும் வன்தீண்டலுக்குப் பெண்ணே விலை கொடுக்கவேண்டும் என்னும் ஆணாதிக்க விதியை 1960களின் தமிழ்ப் புனைகதை இருவேறு வகைகளில் எதிர்கொண்டது. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்தது. புதுக்கோட்டை மாவட்டப் பெருங்களூரில் 1922இல் பிறந்த அகிலனின் ‘சித்திரப்பாவை’ புதினம், தமிழுக்கு முதல் ஞானபீட விருதைப் (1975) பெற்றுத் தந்தது.

அகிலனின் ஆனந்தி ஓவியன் அண்ணாமலையை விரும்புகிறாள். மாணிக்கம் அவளை வலிந்து முத்தமிடுகிறான். அந்த ஒரு தீண்டலாலேயே தான் அவனுக்குரியவளாகிவிட்டதாகக் கருதி அவனையே மணக்கிறாள். ஊர் கூடித் தீர்ப்பளிக்கவில்லை. குற்றம் சாட்டுபவளும் தண்டனை ஏற்பவளும் அவளே. காவலர் எவருமின்றியே கட்டுப்பாடு செயல்படும் நிலை இது. இறுதியில் மணவாழ்வைத் துறந்து அண்ணாமலையிடம் செல்கிறாள். துணிச்சலான முடிவுதான். எனினும் அதனை நியாயப்படுத்த மாணிக்கத்தைத் தீயவனாக நிறுவவேண்டிய தேவை புதினத்திற்கு நேர்கிறது. அவன் ஓரளவு நல்ல கணவனாக அமைந்திருந்தால், வலிந்து பெற்ற முத்தம் மட்டுமே அவள் வெளியேறப் போதிய காரணமாகியிருக்குமா?

ஜெயகாந்தனின் சிறுகதையில் தீர்ப்பளிக்கும் இடம் தாய்க்குரியது. மழைநாளில் காரில் ஏற்றிச் சென்றவனால் கெடுக்கப்பட்ட மாணவி, வீடு திரும்பி நடந்ததைக் கூறுகிறாள். முதலில் சீறும் தாய், பின்னர் மகளின் தலையில் நீரூற்றி அவள் தூய்மையானவளே என்கிறாள். செய்தி வெளியே கசியாமலும் காக்கிறாள். சீதையின் தீக்குளிப்பை நினைவூட்டும் தலைப்பின்கீழ் தீயின் இடத்தை நீர் பெறுகிறது. (அத்தீக்குளிப்பைக் கேட்டே புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசன’ அகலிகை மீண்டும் கல்லாகிறாள் என்பது இங்கு எண்ணத்தக்கது.) களங்கமே இல்லையெனில் நீராட்டு எதற்கு எனத் தாயைக் குறைகூறுவது எளிது. சடங்கின் மொழியன்றி வேறு மொழி அவளுக்குக் கற்பிக்கப்படவில்லை; அம்மொழியைக் கொண்டே மகளுக்குரிய தண்டனையை அவள் நீக்குகிறாள்.

அத்தீர்ப்பை அன்றைய வாசகர் பலர் ஏற்கவில்லை. எதிர்ப்புக்குப்பின் ஜெயகாந்தன் எழுதிய ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ புதினத்தில் அதே தாய் வாய்விட்டு அலறுகிறாள், அக்கம்பக்கம் அறிகிறது, அண்ணன் கங்காவை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான், அடைக்கலம் தரும் வெங்கு மாமாவின் பார்வை அவள் உடல்மீதே படிகிறது. நிகழ்வு ஒன்றே; மாறியது அயலார் செவிக்கு எட்டிய அலறல். சிறுகதையின் தாய் மகளை மீட்டது தெருவின் மனத்தை மாற்றியன்று, அத்தெரு அறியாதபடி கதவைச் சாத்தியே என்பதைப் புதினம் புலப்படுத்திவிடுகிறது.