பின்தளத்தில் நிற்பவர்

பாஸ் மீன் போட்டிக்கு நண்பரோடு சேர்ந்து பெயர் கொடுக்கலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் படகைப் பற்றியும் கட்டணத்தைப் பற்றியுமே பேசுகிறார்கள். எந்த மோட்டார், எத்தனை தூண்டில் கோல், பெட்ரோல் செலவு யாருடையது. இவை ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும். நான் கேட்கும் முதல் கேள்வி, படகின் பின்தளத்தில் யார் நிற்கப்போகிறார் என்பதுதான்.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் நடக்கும் இணைப் போட்டிகளின் விதி எளிது. இரண்டு பேர், ஒரு படகு. விடியலில் புறப்பாடு, பிற்பகலில் குறித்த நேரத்துக்குள் கரை. இருவரும் சேர்ந்து பிடித்ததில் ஐந்து மீனுக்குத்தான் கணக்கு. ஐந்தையும் ஒருவரே பிடித்திருந்தாலும் தராசுக்கு அது தெரியாது. செத்த மீனுக்கு எடையில் பிடித்தம் உண்டு. தாமதமாக வந்தாலும் தண்டனைதான்.

முன்தளத்தில் காலால் மிதித்து இயக்கும் சிறிய மின்மோட்டார் இருக்கும். அதை மிதிப்பவர் படகை நடத்துகிறார். புதுத் தண்ணீரில் முதல் வீச்சும் அவருக்கே. பின்னால் நிற்பவருக்குக் கிடைப்பது ஏற்கெனவே ஓர் இரை கடந்துபோன தண்ணீர். இந்தக் கலையின் அழகு முழுக்க அந்த இரண்டாம் தண்ணீரில்தான் இருக்கிறது என்பேன். தேர்ந்த பின்தளத்துக்காரர் முன்னவர் வீசுவதையே வீச மாட்டார். முன்னவர் வேகமாகச் சுழற்றி இழுத்தால், இவர் ஒரு ரப்பர் புழுவைத் தரையோடு தவழவிடுவார். முன்னவர் கரையோரம் போனால் இவர் ஆழத்தைத் துழாவுவார். அன்றைக்கு மீன் எதை விரும்புகிறது என்பது பாதி நேரத்தில் தெரிந்துவிடும். தெரிந்ததும், தன் பெருமையைப் பார்க்காமல், வெற்றி பெற்ற இரைக்கு மற்றவரும் மாறிக்கொள்வார்.

அலபாமாவின் குன்டர்ஸ்வில் ஏரியில் இதைப் பார்க்க வேண்டும். டென்னசி ஆற்றில் 1939-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையால் பிறந்த ஏரி, ஏறத்தாழ 69,000 ஏக்கர். ஹைட்ரில்லாவும் மில்ஃபாயிலும் அடர்ந்த நீர்ப்பாசிக் காடு. குளிர்காலம் முடியும் நாட்களில், உள்ளே சிறு குண்டுகள் கிலுகிலுக்கும் ஒரு தட்டையான செயற்கை இரையை அந்தப் பாசியின் தலைமேல் உரசும்படி இழுப்பார்கள். இரை பாசியில் மாட்டும். மாட்ட வேண்டும் என்பதற்காகவே அப்படி இழுப்பது. கோலைச் சுண்டி அதைப் பிய்த்தெடுக்கும் அந்தக் கணத்தில், தப்பியோடும் சிறுமீன் என்று நினைத்து பாஸ் பாய்ந்து கவ்வும்.

இப்போது பின்தளத்தைக் கவனியுங்கள். முன்னவரின் கோல் வளைந்ததுமே, பின்னவர் தன் நரம்பைச் சுற்றியிழுத்து, கோலைக் கீழே வைத்துவிட்டு, வலையோடு மண்டியிட்டாயிற்று. யாரும் கூப்பிடவில்லை. முன்னவர் கோலின் நுனியைத் தண்ணீருக்கு அருகில் தாழ்த்திப் பிடிக்கிறார். மீன் எகிறித் தலையை உதறினால் கனமான இரையே நெம்புகோலாகி முள்ளைக் கழற்றிவிடும். பின்னவர் வலையை வீசுவதில்லை. முன்கூட்டியே நீருக்குள் அமிழ்த்தி அசையாமல் வைத்திருக்கிறார். தலை முதலில் வரும்படி முன்னவர் மீனை வளைத்து நடத்த, தலை வளையத்தைக் கடந்ததும் ஒரே தூக்கு. மீனைத் துரத்தி வலையை ஓட்டுகிறவர்கள்தான் பெரிய மீனை இழக்கிறார்கள்.

ஐந்து மீன் சேர்ந்தபின் வேறொரு நேர்த்தி தொடங்கும். ஆறாவது மீன் வந்தால் ஆறில் சிறியதை ஏரிக்குத் திருப்ப வேண்டும். நீர் ஓடிக்கொண்டே இருக்கும் தொட்டிக்குள் ஒவ்வொரு மீனுக்கும் ஒரு வண்ண அடையாளம் மாட்டியிருப்பார்கள். மூடியைத் திறந்து, சிவப்புதான் சின்னது என்று சொல்லி, எடை ஒப்பிட்டு, மாற்றி, மூடும் வேலையைப் பின்னவர் முடிக்கும்போது முன்னவரின் அடுத்த வீச்சு தண்ணீரில் விழுந்திருக்கும். நல்ல இணைகளிடம் இதைப் பார்க்கும்போது எனக்குக் கண் நகர்வதில்லை.

கோடையில் சோதனை வேறு வகை. அணையில் மின்சாரம் எடுக்கத் தண்ணீரைத் திறந்தால் ஏரிக்குள் நீரோட்டம் பிறக்கும். பழைய ஆற்றுப் படுகையின் விளிம்புகளில் பாஸ் கூட்டமாகச் சேர்ந்து, ஓட்டம் அடித்துவரும் இரைக்காகக் காத்திருக்கும். ஓட்டம் நின்றால் கடிப்பதும் அடங்கும். இருப்பதா, கிளம்புவதா? ஒருவர் இன்னும் பத்து நிமிஷம் என்பார், மற்றவர் போய்விடலாம் என்பார். கிளம்பிய இடத்தில் ஒன்றும் கிடைக்காதபோது, போகச் சொன்னவரைப் பார்த்து மற்றவர் என்ன சொல்கிறார் என்பதுதான் கூட்டின் தரம். நழுவிய மீனுக்கும் இதே அளவுகோல்தான்.

லார்ஜ்மவுத் பாஸின் உலகச் சாதனையில்கூட ஒரு கூட்டாளி இருக்கிறார். 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீனைப் பிடித்தார். அவருக்கும் உடன் வந்த கூட்டாளிக்கும் சேர்த்து ஒரே கோல், ஒரே இரை, மாறி மாறி வீசினார்கள் என்றே அந்தக் கதை சொல்லப்பட்டு வருகிறது. 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் அதற்குச் சமமான மீன் கிடைக்கும்வரை அந்தச் சாதனை தனியாகவே நின்றது. கோலை அடுத்தவரிடம் நீட்டும் அந்தக் கைதான் எனக்குப் பிடித்தது.

கூட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மான்ட்கோமரியைச் சேர்ந்த காப்பீட்டு முகவர் ரே ஸ்காட், 1967-இல் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் நடத்திய போட்டியிலிருந்துதான் நவீன பாஸ் போட்டிகள் வளர்ந்தன. அவருடைய போட்டிகளில் குலுக்கல் முறையில் எதிராளிகளையே ஒரு படகில் ஏற்றினார்கள். ஒருவர் மற்றவருக்குச் சாட்சி. நண்பர்கள் சேர்ந்து ஏறும் படகில் அந்தச் சாட்சி இல்லை. 2022-இல் கிளீவ்லாந்தில் நடந்த ஒரு போட்டியில் ஓர் இணை கொண்டுவந்த வால்ஐ மீன்களைக் கிழித்தபோது, எடை கூட்டத் திணித்த ஈயக் குண்டுகள் உருண்டன. இருவரும் மறு ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்கள், படகும் பறிபோனது. மனசுக்குள் ஒரு விதியை வளைக்கத் தோன்றும்போது ‘வேண்டாம்’ என்று சொல்லக்கூடியவரா என்று பார்த்துத்தான் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மீன் பிடிக்கும் திறமை அதற்குப் பிறகுதான்.

இத்தனைக்கும் என் பதில், சேருங்கள் என்பதே. அதற்கு முன் ஒரு முழுநாள் கடிகாரத்தோடு ஏரிக்குப் போங்கள். காலையில் ஒருவர் முன்னால், மதியத்துக்குமேல் மற்றவர். படகு யாருடையதாக இருந்தாலும் இதை மாற்றாதீர்கள். பரிசுப் பணம் செலவு போகப் பாதிப் பாதி என்பதை அன்றே பேசிவிடுங்கள். முதல் போட்டி வசந்தத்தில் இருக்கட்டும். முட்டையிட பாஸ் ஆழமில்லாத இடத்துக்கு வரும், இருவருக்கும் வீச இடம் கிடைக்கும். கோடைப் போட்டியை அடுத்த வருஷத்துக்கு வையுங்கள். வெந்நீர் போலிருக்கும் ஏரித் தண்ணீரில் ஐந்து மீனையும் பிற்பகல்வரை உயிரோடு காப்பது தனி வித்தை, அதற்குள் அது கைவந்திருக்கும்.